ஒத்தக்கடைக்கு வராத குழாய்

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கரண்டு சம்பந்தமான வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தெருவில் மின்சாரம் போனால் எதிர்வீட்டு அக்கா என் வாசலுக்கு வந்து, "எப்பம்மா வரும்?" என்று கேட்பார். தெரியாது என்றால் நம்ப மாட்டார். இருபது வருடம் கழித்து எந்த மின் நிலையம் ஓடும், எது நிற்கும் என்று சொல்கிறவளுக்கு இன்னும் அரை மணி நேரத்தில் கரண்டு வருமா என்று தெரியாதா என்பது அவர் எண்ணம். நியாயமான எண்ணம்தான், நானும் மறுத்துப் பேசுவதில்லை.

மதுரைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையில் வாடகை வீட்டு மாடியில் ஒரு அறைதான் என் அலுவலகம். குழுவில் மற்ற ஐந்து பேரும் சென்னையில் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு வரும் காலத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதைச் சூரியனிடமிருந்து எடுப்பதா, காற்றிலிருந்தா, நிலக்கரியிலிருந்தா என்று கணினியில் மாதிரி அமைத்துப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. அந்த வருடம் வந்த வேலை கொஞ்சம் புதிது. நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கியிலேயே கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பிடித்து, அழுத்தி, குழாய் வழியாகக் கொண்டுபோய், பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைத்துவிட்டால் என்ன? பிடிக்க ஒரு செலவு, கொண்டுபோக ஒரு செலவு, புதைக்க ஒரு செலவு. போதாததற்கு, வாயுவைப் பிடிக்கிற வேலைக்கே அந்த நிலையம் தன் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இத்தனைக்கும் பிறகு கட்டுப்படியாகுமா, இல்லை பேசாமல் நிலையத்தை மூடிவிட்டு வேறு வழி பார்ப்பதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

அதே வருடம்தான் அண்ணன் நிலம் வாங்கக் கிளம்பினான்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். எங்கள் வீட்டில் அதுவரை யார் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்து எங்களை வளர்த்தவர்கள். நான் படித்து வேலைக்குப் போனேன். அண்ணன் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு இப்போது சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கூடவே பதினோரு ஆடுகள். அவற்றை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற முடுக்கில் கட்டியிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தபோது ஒரு கிடாய் பத்திரிகைக் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கிடாயைத்தான் சொல்கிறார்கள்.

அவன் பார்த்திருந்த இடம் ஒத்தக்கடையிலிருந்து அழகர்கோவில் பக்கமாக உள்ளே போகிற ரோட்டில், கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேட்டில் இருந்தது. ஒன்றேகால் ஏக்கர். சொந்தக்காரர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்தின் மூலையில் மூடி போட்ட ஒரு போர்க் குழாயைக் காட்டி, "இருநூறடியில தண்ணி நிக்குதுப்பா. மோட்டார் இறக்குனாப் போதும்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். ஆனி மாதக் கடைசியில் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் வெற்றிலை மாற்றியாகிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆடியில் பத்திரம் போடக் கூடாது என்று மதினி கறாராகச் சொல்லிவிட்டதால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு என்று முடிவானது.

ஆடி முழுக்க அண்ணன் கால் தரையில் இல்லை. தினமும் சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு அந்த மேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவான். என்னையும் ஒரு நாள் கூட்டிப்போனான். "இங்ன கொட்டகை, இங்ன குட்டை, இந்தப் பக்கம் சோளம்" என்று முள்ளுக்குள் நடந்து நடந்து காட்டினான். எனக்கு முள்தான் தெரிந்தது. அவனுக்கு எல்லாம் கட்டி முடித்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கணினி மாதிரியில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தால், ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு பொய்யான இடத்தை வைத்து ஓட்டிப் பார்ப்போம். அதற்குச் செலவும் கிடையாது, கொள்ளளவுக்கு எல்லையும் கிடையாது. சோதனை முடிந்ததும் நீக்கிவிடுவோம். அந்தப் பொய் இடத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் ஆளாளுக்கு ஒன்று வைப்பார்கள். ஒருவர் எப்போதும் மாமனார் ஊரை வைப்பார், இன்னொருவர் தனக்குப் பிடித்த பரோட்டாக் கடையை. நான் ஒத்தக்கடைதான். ஒத்தக்கடையில் கடல் காற்றாலை வைத்திருக்கிறேன், துறைமுகம்கூட வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காக நீக்கியும் இருக்கிறேன்.

இந்த முறை குழாய்ப் பகுதியைச் சோதிக்கப் புதைகுழி ஒன்று தேவைப்பட்டது. வரைபடத்தைப் பெரிதாக்கி ஒரு புள்ளி வைத்தேன். அந்த நாட்களில் என் கண் தானாகவே அழகர்கோவில் ரோட்டுப் பக்கம்தான் போகும், விரலும் அங்கேயே போனது. ஓட்டினேன். ஓடியது. நீக்கப் போகிற நேரத்தில் அண்ணன் போன் செய்தான். "வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. ஓடியா, ஓடியா!" நான் எழுந்து ஓடினேன். ஒன்று கறுப்பு, ஒன்று நெற்றியில் வெள்ளை. திரும்பி வந்தபோது புதைகுழி என் நினைவில் இல்லை.

கணினிக்கு வெட்கம் கிடையாது. காசில்லாமல் எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாத ஒரு குழி கிடைத்தால் அது விடுமா? மாநிலத்தில் இருக்கிற அத்தனை நிலக்கரி நிலையங்களிலிருந்தும் குழாய் போட்டு எல்லா வாயுவையும் ஒத்தக்கடையில் கொண்டுவந்து கொட்டியது. விடை பிரமாதமாக வந்தது. எந்த நிலையத்தையும் மூட வேண்டாம், செலவும் அதிகமில்லை, புகையும் இல்லை. எல்லோருக்கும் பிடித்த விடை என்பதால் யாரும் அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை. நானும் எண்களைத்தான் சரிபார்த்தேன், வரைபடத்தைத் திறக்கவில்லை. வரைபடம் தயாரித்த சென்னைப் பையனுக்கு மதுரைப் பக்கம் பரிச்சயம் இல்லை. ஏதோ புகழ்பெற்ற புதைகுழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டானாம்.

சென்னையில் பெரிய கூட்டம். நான் மாடி அறையிலிருந்து இணையம் வழியாகக் கலந்துகொண்டேன். எங்கள் தலைவர் பெருமையாக அந்த வரைபடத்தைத் திரையில் போட்டார். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தடித்தடியாகச் சிவப்புக் கோடுகள் வந்து எங்கள் ஊர் யானைமலைக்குப் பின்னால் ஒரே இடத்தில் முட்டி நின்றன. அப்போதுதான் எனக்கு நீக்காத புள்ளி ஞாபகம் வந்தது. கூட்டம் முடிந்த கையோடு அவருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்தக் குழி நிஜமில்லை."

"எந்தக் குழி?"

"எல்லாக் குழாயும் போகுதே, அந்தக் குழி. சோதனைக்கு வச்சுட்டு எடுக்க மறந்துட்டேன். அது எங்க ஊரு."

அவர் வரைபடத்தை மறுபடி திறந்து பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கேட்டார். "நம்ம முடிவுல எவ்வளவு பங்கு உங்க ஊரை நம்பி இருக்கு?"

"முழுசும் சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, அன்று சாயங்காலமே எல்லோருக்கும் கடிதம் போட்டார். வரைபடம் தவறு, திருத்தியது பின்னால் வரும் என்று. நான் ஒத்தக்கடையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். நிஜமான இடங்கள் காவிரிப் படுகைப் பக்கமும் கடலுக்கு அடியிலும்தான் இருக்கலாம், அவையும் இன்னும் தோண்டிப் பார்த்து உறுதி செய்யாதவை. அவ்வளவு தூரம் கொண்டுபோகிற செலவைச் சேர்த்ததும் சிவப்புக் கோடுகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. பரவாயில்லை, இதுதான் உண்மை என்று நிம்மதியாக அன்று தூங்கினேன்.

ஆனால் கூட்டத்தில் யாரோ அந்தப் படத்தைப் போனில் எடுத்திருந்தார்கள். இரண்டே நாளில் அது எங்கள் பகுதி வாட்ஸப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது. யானைமலைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, "ஒத்தக்கடைக்கு வருது பெரிய பைப்லைன். நிலம் எடுக்கப் போறாங்க. உஷார்" என்று எழுதியிருந்தது.

ஊரே பயந்துபோகும் என்று எதிர்பார்த்தேன். பயந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எதிர்வீட்டு அக்கா, இன்னொருவர் மதினி. மற்ற எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நாலு வழிச் சாலை போட்டபோது, அவசரப்பட்டு விற்றவர்கள் ஏமாந்ததையும், இழுத்துப் பிடித்தவர்கள் மாடி வீடு கட்டியதையும் பார்த்த ஊர் இது. அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று காதில் விழுந்தாலே போதும், தரிசுக்கெல்லாம் வேலி போட்டுவிடுவார்கள். டீக்கடையில் ஒருவர், "வெறும் புகைதானப்பா, நாம இழுக்காத புகையா?" என்றார். அந்தப் பக்கம் போன வாரம் வரைக்கும் யாரும் சீந்தாத மேட்டுக்கு ஒரே நாளில் நான்கு தரகர்கள் வந்து போனார்கள்.

மூன்றாம் நாள் நிலத்துக்காரர் அண்ணனுக்குப் போன் செய்தார். ஆவணி வேண்டாம், தையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். தையில் பார்ப்போம் என்றால் கிடையாது என்று அர்த்தம்.

அண்ணன் மாடிக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். போனில் அந்தப் படம் இருந்தது.

"இது உங்க ஆபீஸ்ல போட்டதுன்னு சொல்றாக. யாரு போட்டதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

சுற்றி வளைக்க எனக்கு வராது. "நான்தாண்ணே" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டைக் குட்டி வரைக்கும் சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் தனக்கென்று ஒன்று கேட்டிருக்கிறான், அதை நானே ஒரு விரலால் கெடுத்துவிட்டேன்.

அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "தமிழ்நாடு இம்புட்டு அகலம் கெடக்கு. கொண்டாந்து வைக்க ஒனக்கு நம்ம எடந்தானா கெடச்சுச்சு?" என்றான். கோபத்தில்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் புகைய ஒங்க ஆபீஸ் மாடியிலயே பொதைக்கச் சொல்லு" என்று கத்திவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் தூக்குவாளியில் வந்தது. கோபத்திலும் குழம்பில் ஒரு குறை வைக்கவில்லை.

நான் உண்மையைச் சொல்லி ஊரைத் திருத்தலாம் என்று கிளம்பினேன். டீக்கடையில் சொன்னேன், பால் பூத்தில் சொன்னேன், குழாயும் இல்லை குழியும் இல்லை, அது என் தப்பு என்று. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் நகர்ந்ததும், "அண்ணனுக்கு எடத்த வாங்கிக் குடுக்கணும்ல, அந்தப் புள்ள அப்படித்தான் சொல்லும்" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே வேலை பார்க்கிற பெண்ணே பதறியடித்துக்கொண்டு இல்லை என்கிறதே, அப்படியானால் நிச்சயம் இருக்கிறது! நான் சொல்லச் சொல்ல அந்தக் குழாய் இன்னும் தடித்தது. அலுவலகத்தின் திருத்தக் கடிதத்தைக் காட்டினேன். ஒரு தரகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த சர்வே நம்பர்னு மட்டும் சொல்லுங்க மேடம், வெளிய போகாது" என்றார். வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினேன். அதையும் அவர் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

ஆவணி பிறக்கப் பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் நானும் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். வழியில் அண்ணன் ஒன்றுதான் சொன்னான். "சண்ட போட்றாத. அவரு நல்ல மனுசன்தான்." சண்டை போடத்தான் நான் போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவர் முன்னறையில் மின்விசிறிக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுத்தாயா என்று கேட்கிற பார்வை இன்னும் போகவில்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க. காப்பி போடுறேன்" என்றார்.

"நான் பேச்சு மாறல தம்பி. தள்ளிப் போடத்தான் சொல்றேன்" என்று அவராகவே ஆரம்பித்தார். "கவுருமெண்டு வந்து அளந்துட்டுப் போகட்டும். அப்புறம் பேசுவோம்."

"யாரும் அளக்க வரமாட்டாகய்யா. அது நான் தப்பா வச்ச புள்ளி" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவேன்னு ஊரே சொல்லுதே."

"வெத்தலை மாத்துன கையி..." என்று நான் குரலை உயர்த்தினேன். அண்ணன் என் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான். நான் மூச்சை இழுத்துவிட்டு வேறு பக்கமாக ஆரம்பித்தேன்.

"ஐயா, அந்த வாயுவ நெனச்ச எடத்துல பொதைக்க முடியாது. அதுக்குன்னு ஒரு கல்லு இருக்கு. இட்லியில சின்னச் சின்னதா ஓட்டை இருக்குல்ல, சாம்பார் ஊத்துனா உள்ள எறங்குதுல்ல? அந்த மாதிரிக் கல்லு ரொம்ப ஆழத்துல இருக்கணும். அதுக்கு மேல கெட்டியா, மூடி போட்ட மாதிரி இன்னொரு கல்லு இருக்கணும். அப்பத்தான் உள்ள போனது வெளிய வராது. நம்ம பக்கம் இட்லியே கெடையாது. அடிவரைக்கும் மூடிதான். யானைமலை என்ன கல்லோ, அதே மாதிரிக் கல்லுதான் நம்ம காலுக்கு அடியிலயும்."

அவர் பேப்பரை மடியில் வைத்தார். "அதெப்படி ஒனக்குத் தெரியும்? நீ தோண்டிப் பாத்தியா?"

நல்ல கேள்வி. நான் தோண்டிப் பார்க்கவில்லை. மாடியில் உட்கார்ந்து பாறை வரைபடத்தில் வண்ணத்தைப் பார்த்ததுதான். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"அது எதுக்குத் தோண்டணும்? அதான் நீங்க தோண்டுனீகளே! மூணு போரு போட்டு என் ரெட்டைவடச் சங்கிலி போனதுதான் மிச்சம். ஒரு சொட்டுத் தண்ணி கசியல அந்தக் காட்டுல. இதுல புகைய வேற உள்ள விடப் போறாகளாம்!"

"இதத்தான்யா நானும் சொல்றேன்!" என்று துள்ளிவிட்டேன். அத்தனை நாளில் என் பக்கம் பேசிய முதல் ஆள் அந்த அம்மாதான்.

அப்புறம்தான் நிலத்துக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேப்பரையும் பார்க்கவில்லை. இருநூறடியில் தண்ணீர் நிற்கிறது என்று எங்களிடம் சொன்னவர் அவர். நான் வாதத்தில் ஜெயித்துவிட்டேன், ஜெயித்த அதே நிமிடத்தில் அண்ணன் ஆசைப்பட்ட நிலம் வறண்ட நிலமாகிவிட்டது. அவர் பொய் சொன்னதற்குக் கோபப்படுவதா, அதை அண்ணன் முன்னால் வெளியே இழுத்துப் போட்ட என்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாத்தா" என்றார் அவர் கடைசியில். "தண்ணி இல்ல. இருக்குன்னு நான் சொன்னது பொய்தான். உள்ளதச் சொன்னா யாரு வாங்குவா?" அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒனக்கு வேணாம்னா வேணாம். குடுத்த அட்வான்ஸ இன்னைக்கே வாங்கிட்டுப் போயிரு. இனிமே நானும் குழாயி வரும்னு காத்துக் கெடக்க மாட்டேன்."

அண்ணன் காப்பியை ஊதிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்ங்கய்யா" என்றான்.

"என்ன தெரியும்?"

"மூணாவது போரு போட்ட வண்டியில ராடு மாட்டுனது நான்தான். எண்ணூறடி வரைக்கும் போனோம். வெள்ளையாப் பொடிதான் வந்துச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனை உற்றுப் பார்த்தார். "ஒன்னையப் பாத்த ஞாபகமே இல்லையேப்பா."

"எப்படி இருக்கும்? மூஞ்சி பூராம் கல்லுப் பொடி, வாயில துண்டு. அன்னைக்கு வீட்டுக்குப் போனப்ப எங்கம்மாவே வாசல்ல நிப்பாட்டி யாருன்னு கேட்டுச்சு."

நான் கல்லூரி விடுதியில் இருந்த வருடங்களில் அவன் போர் வண்டியில் வேலை பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். என் ஃபீஸ் அதிலிருந்துதான் வந்தது என்பதும் தெரியும். எந்த ஊரில், யார் நிலத்தில், எவ்வளவு ஆழத்துக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். தோண்டிப் பார்த்தவன் வீட்டிலேயே இருந்திருக்கிறான். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் வாய் வேறு முந்திக்கொண்டது.

"தெரிஞ்சுமா இந்த வெலைக்கு ஒத்துக்கிட்ட? தண்ணி இல்லன்னு சொல்லிக் கொறைக்கச் சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றான் அண்ணன். டம்ளரைக் கீழே வைத்தான். "அன்னைக்கு எண்ணூறுல நிப்பாட்டச் சொல்லிட்டு ஐயா வேலியோரமாப் போயி, எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரங் கழிச்சு வந்தாரு. வண்டி ஆளுக அம்புட்டுப் பேருக்கும் சோறு வாங்கிட்டு வரச் சொன்னாரு. தண்ணி பீச்சியடிச்ச எடத்துலகூட எங்களுக்கு யாரும் சோறு போட்டதில்ல. அவருகிட்டப் போயி தண்ணி இல்லன்னு சொல்லியா நான் வெலை கொறைப்பேன்?"

அவர் மனைவி கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

நிலத்துக்காரர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அப்ப எதுக்குப்பா ஒனக்கு அந்த எடம்?"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நிலத்தைப் பற்றி அவனிடம் ஒருவர் கேட்டால் போதும். "ஆட்டுக்குய்யா! பக்கத்துலதான் கம்மா இருக்கு, ஆடு குடிக்க அந்தத் தண்ணி போதும். மழைத் தண்ணிக்கு ஒரு குட்டை வெட்டிக்கிறேன். சோளத்த மழைய நம்பிப் போட்டுக்கிறேன். ஈரத் தரையில கெடந்தா ஆட்டுக்குக் குளம்பு அழுகிப் போகுது. இந்த மேட்டுல, கெட்டித் தரையில கட்டுனா ஒரு நோவும் அண்டாது. எனக்குக் கல்லுதான் வேணும்."

அவர் உள்ளே திரும்பி, "ஏ, அந்தக் காலண்டர எடு. ஆவணி மொத முகூர்த்தம் என்னைக்குன்னு பாரு" என்றார். அவர் மனைவி, "அதெல்லாம் நான் அப்பவே பாத்துட்டேன்" என்று தேதியைச் சொன்னார். அன்று மதியம் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நான் வெட்கமே இல்லாமல் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

ஊர் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்தது. குழாய் வருகிற இடத்தைத் தங்கச்சி உள்ளே இருந்து முடித்துக் கொடுத்துவிட்டாள் என்று அண்ணனைப் புகழ்ந்தார்கள். மதினி அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

முகூர்த்த நாளில் பத்திர எழுத்தர் கடை வாசலில் செருப்பு விட இடமில்லை, அவ்வளவு கூட்டம். எங்கள் முறை வந்தது. எழுத்தர் நிமிராமலே கேட்டார். "கிணறு, போர் ஏதும் உண்டா?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் நிலத்துக்காரர் சொன்னார். "மூணு போர் இருக்கு. மூணும் வறண்டது. அப்படியே எழுதுங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "வறண்டதுன்னெல்லாம் யாருய்யா பத்திரத்துல எழுதுவா?"

"நான் எழுதுவேன்" என்றார் அவர், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரலில்.

எழுதி முடித்து எழுத்தர் வாசித்தார். நான்கு எல்லைகளையும் வரிசையாகச் சொல்லி, பிறகு ஒரே மூச்சில், வறண்ட ஆழ்குழாய்க் கிணறுகள் மூன்றும், மேலே உள்ள மரம் செடி கொடிகளும், அடியிலே உள்ள நீரும் கல்லும் புதையலும் உட்பட சகல உரிமைகளுடனும் என்று ஓட்டமாக ஓட்டினார். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான். அவர் ஆயிரம் முறை வாசித்திருப்பார். அடுத்த பக்கத்துக்குப் போக விரலை நாக்கில் தொட்டார்.

"அத இன்னொருக்கா வாசிங்கண்ணே" என்றான் அண்ணன்.

"எத?"

"அடியில உள்ளதெல்லாம்னு வருதுல்ல, அத."

எழுத்தர் அவனை ஒரு முறை பார்த்தார். வெளியே ஆள் காத்திருந்தது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பி, இந்த முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நீர் என்று வந்தபோது நிலத்துக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். கல் என்று வந்தபோது அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்றான்.